போர்வெல் கேபிள் மூன்றாவது முறையாகத் திருட்டு: இனி என்ன செய்வது?

காங்கேயம் தோட்டக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் மோட்டாரை இயக்கும் ஸ்டார்டர் பெட்டியிலிருந்து போர்வெல் வரை செல்லும் அறுபது அடிக் கேபிளை மூன்றாவது முறையாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. காலையில் தென்னைக்கு மடை மாற்றப் போன என் மனைவி, ஈரம் காயாத வாய்க்காலில் செம்பு தெரியக் கிடந்த அறுந்த முனைக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தார். மும்முனை மின்சாரம் வரக் கால் மணி நேரம்தான் இருந்தது. மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானாகவே ஓடவைக்கும் ஆட்டோ நிலையில் ஸ்டார்டர் இருந்தது. இதை எப்படித் தடுப்பது? புகார் கொடுத்துப் பயனில்லை என்கிறார்களே, உண்மைதானா?

பல்லடம் வயர்மேன்:
அண்ணா, அக்காவுக்கு ஒன்றும் ஆகாமல் போனதே பெரிய விஷயம்ங்க. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் அறுக்கிறார்கள். அந்த நேரத்திலும் ஒரு முனையிலோ (ஃபேஸ்) இரண்டு முனைகளிலோ மின்சாரம் இருக்கக்கூடும் என்பதால், அறுப்பவர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. எனவே கேபிள் அறுந்திருப்பதைப் பார்த்தால் அறுந்த இடத்தின் அருகே போகாமல், முதலில் மெயினை அணைத்து ஃபியூஸ்களைக் கழற்றி வையுங்கள். ஆட்டோவை மட்டும் அணைப்பது போதாது.

புதிதாக இழுக்கும்போது இரண்டரை அடி ஆழத்தில் குழாய்க்குள் பதியுங்கள். ஸ்டார்டரிலிருந்து போர்வெல் வாய் வரை அலுமினியக் கேபிள் போட்டால் திருடுபவருக்கு ஆசை குறையும். ஆனால் அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் சுமார் 61 சதவீதமே என்பதால், கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு (சதுர மி.மீ.) ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும்படி எடுக்க வேண்டும். செம்போடு சேரும் இடத்தில் அதற்கென்று விற்கும் ஈருலோக லக்கை (ஒருபுறம் அலுமினியமும் மறுபுறம் செம்பும் உள்ள இணைப்பு முனை) போடாவிட்டால் இணைப்பு அரித்துச் சூடாகிக் கருகும்.

கணபதி ஃபவுண்டரிக்காரர்:
வாங்குபவர் இல்லாமல் இந்தத் திருட்டு இல்லை என்பதே என் உறுதியான கருத்து. உறையை எரித்து எடுத்த செம்பு கறுத்து, பொலபொலவென்று இருக்கும். உரித்தெடுத்த கம்பியின் பளபளப்பு அதற்கு வராது. பழைய இரும்புக் கடைக்காரருக்கு அது பார்த்தவுடன் தெரியும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே புகாரில் கேபிளின் நீளம், கம்பெனிப் பெயர், அளவு ஆகியவற்றை எழுதிப் பில் நகலோடு கொடுங்கள். சுற்று வட்டாரக் கடைகளில் விசாரிக்கும்படியும் கேளுங்கள்.

அந்த எரிப்பில் வரும் புகையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பி.வி.சி. உறை எரிந்தால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடும், மண்ணில் நெடுநாள் தங்கும் டையாக்சின் என்ற நச்சுப்பொருளும் வெளியாகும். பழைய இரும்பை உருக்கும் எங்கள் உலைக்கும் திருட்டுப் பொருளால் ஆபத்து உண்டு: அவசரமாகக் கைமாறிய மோட்டாரையோ, வாய் மூடிய குழாயையோ உடைத்துப் பார்க்காமல் போட்டால், உள்ளே தேங்கிய நீர் நொடியில் ஆவியாகி உருகிய இரும்பை ஆட்கள்மேல் வீசியடிக்கும்.

காங்கேயம் தோட்டக்காரர்:
மிக்க நன்றிங்க. ஃபியூஸ்களைக் கழற்றி வைத்துவிட்டேன். பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன்.