பொருள்: ஹெட்டிரோடோபிக் ஆசிபிகேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அபூர்வ எலும்பு நோய்கள் பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மருந்து ஆய்வில் பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பெற்றோர் படிப்பதற்கானது. பாதிப் புத்தகம் சிரமமில்லாமல் ஓடியது. எஃப்ஓபி வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

முழுப்பெயர் ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிபிகன்ஸ் புரொகிரசிவா. பத்து லட்சம், இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய். தசை, தசைநாண், மூட்டைப் பிணைக்கும் நார் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் புதிதாக எலும்பு உண்டாகிறது. நோயின் பெயரை எஃப்ஓபி என்றே விட்டுவிடலாம், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த எலும்பு உண்டாகும் செயலுக்கு ஹெட்டிரோடோபிக் ஆசிபிகேஷன் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதைத் தமிழில் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை.

முதல் வரைவில் “இடம்மாறிய எலும்பாக்கம்” என்று போட்டேன். எழுதும்போது திருப்தியாகத்தான் இருந்தது. அச்செடுத்து என் சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு முறை படிப்பார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “எலும்பு இடம் மாறிடுச்சுன்னா பிசகிடுச்சுன்னுதானேடா அர்த்தம்? கட்டுப் போடுறவர்கிட்ட காட்டி இழுத்து விட்டா உக்காந்துடுமே.”

அதே பக்கத்தின் அடுத்த பத்தி, இந்த நோய் உள்ள பிள்ளையை இழுக்கவோ அழுத்தவோ கூடாது என்று சொல்கிறது. மேலே இருக்கும் என் சொல் கீழே இருக்கும் எச்சரிக்கையைத் தின்றுவிட்டது.

பழைய துண்டறிக்கை ஒன்றில் இதையே “கால்சியம் படிதல்” என்று போட்டிருந்தார்கள். அதையும் காட்டினேன். “அப்ப பாலையும் கேழ்வரகையும் நிறுத்தணுமா?” என்றார்.

உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

– கோ.

---

தம்பி கோ.,

சொல்லைப் பிரித்தால் விஷயம் எளிது. ஹெட்டிரோ என்றால் வேறு, டோபோஸ் என்றால் இடம். வேற்றிடம், அயலிடம், பிறழிடம் என்று மூன்று வகையில் கட்டலாம். அயலிடம் என்றால் வெளியூர் போலத் தொனிக்கிறது, தள்ளிவிடலாம்.

நான் விரும்புவது வேறு. கிரேக்கத்தைப் பிடித்துத் தொங்காமல் நம் சொல்லாகவே “தான்தோன்றி எலும்பு” என்று வைத்தால் என்ன? விதைக்காமல் முளைத்தது, யாரும் கேட்காமல் வந்தது. எலும்புக்கூட்டில் சேராமல் தானாகத் தோன்றியது. ஒரு தடவை கேட்டால் மறக்காது.

நோய்க்கும் பத்திரிகைக்காரர்கள் “கல்மனித நோய்” என்று எழுதுகிறார்கள். அது புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல்தானே, ஏன் ஒதுக்க வேண்டும்?

– பழ.

---

கோ., பழ. ஐயா இருவருக்கும்,

நான் எலும்பு மூட்டு மருத்துவர். இலக்கணம் தெரியாது, ஆனால் இந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கால்சியம் படிதல்

இதை முதலில் கைவிடுங்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிவது வேறு, இது வேறு. எஃப்ஓபியில் உண்டாவது அச்சு அசலான எலும்பு. முதலில் வீக்கம், பிறகு தசை அழிந்து அந்த இடத்தில் குருத்தெலும்பு, பிறகு குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பு, உள்ளே மஜ்ஜைகூட இருக்கும். கருவில் நம் கை கால் எலும்புகள் உண்டாகும் அதே முறை. முறையில் தவறில்லை. இடமும் காலமும்தான் தவறு. பாலை நிறுத்தினால் இது நிற்காது.

பிலடெல்பியாவில் மூட்டர் அருங்காட்சியகத்தில் ஹாரி ஈஸ்ட்லாக் என்பவரின் எலும்புக்கூடு இருக்கிறது. 1973இல், நாற்பது வயது நிறைவதற்குள் இறந்தவர். தன் எலும்பு ஆராய்ச்சிக்குப் பயன்படட்டும் என்று அவரே விரும்பிக் கொடுத்தது. மற்ற எலும்புக்கூடுகளை நிறுத்தக் கம்பியும் பசையும் வேண்டும். ஈஸ்ட்லாக்குடையது பெரும்பாலும் தானே சேர்ந்து நிற்கிறது. முதுகிலிருந்து கைக்கும், இடுப்பிலிருந்து தொடைக்கும் பாலம் போட்டது போல எலும்பு ஓடுகிறது. கடைசிக் காலத்தில் தாடையும் பூட்டிக்கொண்டு, உதடு மட்டும்தான் அசைந்ததாம்.

> கல்மனித நோய்

வேண்டாம் ஐயா. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவர் கீ பத்தேன் ஒரு பெண் “மரமாகிவிட்டாள்” என்று கடிதத்தில் எழுதினார். இப்போது கல் என்கிறார்கள். இரண்டும் வேடிக்கை பார்க்கிறவரின் சொல். கையேட்டைப் படிக்கப்போவது அந்தப் பிள்ளையின் அம்மா, நாளைக்கு அந்தப் பிள்ளையே படிக்கும்.

> தான்தோன்றி எலும்பு

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது தானாகத் தோன்றவில்லை. காரணம் தெரிந்துவிட்டது. 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஐலீன் ஷோர், ஃபிரெடரிக் கேப்லன் குழு ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் பிழையைக் கண்டுபிடித்தது. ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் அதே ஓர் எழுத்துப் பிழை. அந்த மரபணு, செல்லின் மேல் இருக்கும் ஓர் ஏற்பியைத் தயாரிக்கிறது. “எலும்பு உண்டாக்கு” என்ற கட்டளையைக் கேட்கும் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்டிவின் ஏ என்ற புரதம் சாதாரணமாக அந்தக் காதில் அப்படி எந்தக் கட்டளையும் போடுவதில்லை. பிழையான காதுக்கு மட்டும் அது கட்டளையாகக் கேட்கிறது. இது தெரிந்தது 2015இல்.

அதனால்தான் அடி பட்டாலோ, தசையில் ஊசி போட்டாலோ அங்கே வீங்குகிறது. கட்டி என்று நினைத்துச் சதை எடுத்துப் பரிசோதித்தால் அந்த வெட்டிலேயே எலும்பு உண்டாகலாம். உண்டான எலும்பை அறுத்து எடுத்தால் அதைவிட அதிகமாக வரும். என் துறையில் கத்தியைக் கீழே வைக்க வேண்டிய நோய்கள் குறைவு. இது அதில் ஒன்று.

இன்னொன்று. பிறக்கும்போதே கால் பெருவிரல் குட்டையாக, மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்திருக்கும். முதல் வீக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே தெரியும் அடையாளம் அது. நம் வீடுகளில் அதை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை, காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டி. “விரல் கோணியிருக்கு, உருவி விட்டா நேராயிடும்” என்று எண்ணெய் போடுவார். அதனால் கோ.வின் சித்தி கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. இழு, உருவு, கட்டு, படி இந்த நான்கையும் நினைவூட்டாத சொல்லாக வேண்டும்.

கடைசியாக ஒரு நிபந்தனை. இந்தச் சொல் எஃப்ஓபிக்கு மட்டும் சொந்தமில்லை. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கும், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும், பெரிய தீக்காயத்துக்குப் பிறகும் இதே ஹெட்டிரோடோபிக் ஆசிபிகேஷன் வரும். அவர்களுக்கு மரபணுக் கோளாறு கிடையாது. “பிறவி” என்றோ “தசை” என்றோ சொல்லுக்குள் வைத்துவிட்டால் அங்கே உதவாது.

– டாக்டர் ம.

---

வணக்கம்,

இலங்கையிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் போன் என்பது என்பு, டிஷ்யூ இழையம், கார்ட்டிலேஜ் கசியிழையம். ஆகவே எங்களுக்கு “என்பாக்கம்” இயல்பான சொல். குறளில் வருகிற சொல்தான், புதிதாகச் செய்ததல்ல. “வேற்றிட என்பாக்கம்” என்றால் நாவுக்கும் இலகு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வைக்க முடியாதா?

– சி.

---

அன்புள்ள சி., டாக்டர் அம்மா, ஐயா,

என்பு எனக்கும் பிடித்த சொல். ஆனால் சித்தியிடம் “என்பு” என்று எழுதிக் காட்டினேன், அன்பு என்பதில் அச்சுப் பிழை என்றார். இந்தக் கையேடு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் போவதால் எலும்பிலேயே நிற்கிறேன். சொற்பட்டியலில் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம். இலங்கைப் பதிப்பு வந்தால் ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

இப்போது எனக்கு வேறொரு சிக்கல் தெரிகிறது. ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்துக்கு வந்திருக்கிறேன். பாலோவரோட்டீன் என்ற மாத்திரையைச் சோதித்த மூன்றாம் கட்ட ஆய்வில் 107 பேர். மருந்து வேலை செய்ததா என்று எப்படிப் பார்த்தார்கள் என்றால், உடம்பை சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒரு வருடத்தில் எவ்வளவு புது எலும்பு சேர்ந்தது என்று கன அளவில் கணக்கிட்டார்கள். ஆங்கிலத்தில் செயலுக்கும் பொருளுக்கும் ஒரே சொல் ஓடுகிறது. தமிழில் “எலும்பாக்கத்தின் கன அளவு” என்று எழுதினால் பொருளே இல்லை. ஆக்கத்துக்கு ஏது கன அளவு? ஆக, செயலுக்கு எலும்பாக்கம், உண்டான பொருளுக்கு எலும்பு, இரண்டுக்கும் முன்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரே அடைமொழி வேண்டும். “தான்தோன்றி எலும்பாக்கம்” என்று ஒட்டிப் பார்த்தேன் ஐயா, நொண்டுகிறது. “வேற்றிட” இரண்டுக்கும் ஒட்டுகிறது: வேற்றிட எலும்பாக்கம், வேற்றிட எலும்பு.

சித்தியிடம் கொடுத்தேன். “வேற இடத்துல எலும்பு வருதா? எந்த இடத்துல?” என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி போதும். இழுத்து விடலாமா என்று கேட்கவில்லை.

அதே அத்தியாயத்தில் நேச்சுரல் ஹிஸ்டரி ஸ்டடி என்று ஒன்று இருக்கிறது. “இயற்கை வரலாற்று ஆய்வு” என்று போட்டால் டைனோசர் ஞாபகம்தான் வரும். “நோய்ப்போக்கு ஆய்வு” சரியா?

– கோ.

---

கோ.,

நோய்ப்போக்கு ஆய்வு மிகச் சரி, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வில் அதற்கு முக்கியமான இடம் உண்டு. உலகம் முழுக்கத் தேடினாலும் நோயாளிகள் சில நூறு பேர்தான் கிடைப்பார்கள். அதில் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து உட்கார வைக்க மனம் வராது. அதனால் மருந்து சாப்பிட்ட எல்லோரையும், முன்பே நோய்ப்போக்கு ஆய்வில் மருந்தில்லாமல் கவனிக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். புதிய வேற்றிட எலும்பு சேர்வது பாதிக்கும் சற்று மேல் குறைந்தது. நின்றுவிடவில்லை, குறைந்தது. கையேட்டில் அந்த வேறுபாடு தெளிவாக வரட்டும். ஏற்கெனவே உண்டான எலும்பை இந்த மாத்திரை கரைக்காது என்பதும் வர வேண்டும்.

ஒப்பீடு இப்படி இருந்ததால் விவாதமும் கூடவே வந்தது. கனடா 2022இல் அனுமதித்தது, அமெரிக்கா 2023 ஆகஸ்டில். ஐரோப்பா அதே 2023இல் மறுத்துவிட்டது.

பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு, சின்ன எழுத்தில் போட்டுவிடாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்த மாத்திரையால் எலும்பின் வளர்தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். மூடினால் அந்த எலும்பு அதற்கு மேல் நீளாது. அதனால் அமெரிக்காவில் பெண் பிள்ளைகளுக்கு 8 வயது முதல், ஆண் பிள்ளைகளுக்கு 10 வயது முதல் என்றுதான் அனுமதி. வேண்டாத எலும்பைத் தடுக்கப் போனால் வேண்டிய எலும்பும் நிற்கிறது. இரண்டும் ஒரே முறையில் வளர்கிறது என்று முதல் மடலில் சொன்னேனே, அதன் விலை இதுதான்.

ஃபிளேர்-அப் என்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

– ம.

---

டாக்டர் அம்மா,

“நோய்ப்பொங்கல்” என்று போட்டு, படித்துப் பார்த்து, நானே சிரித்து அடித்துவிட்டேன். “கிளர்வு” என்று வைத்திருக்கிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் “திடீர் வீக்கமும் வலியும்” என்று விளக்கம்.

– கோ.

---

தம்பி,

தான்தோன்றியைத் திரும்பப் பெறுகிறேன். கன அளவு வாதம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இந்த நோய்க்கு முதலில் இருந்த பெயர் மயோசைட்டிஸ் ஆசிபிகன்ஸ் புரொகிரசிவா என்று தேடிப் படித்தேன். மயோசைட்டிஸ் என்றால் தசையழற்சி. தசை மட்டுமல்ல, தசைநாணும் மூட்டு நாரும்கூட எலும்பாகின்றன என்பதால் விக்டர் மெக்கூசிக் என்ற மரபியல் மருத்துவர் ஃபைப்ரோடிஸ்பிளேசியா என்று மாற்றினாராம். லத்தீனிலேயே ஒரு தடவை தவறாக வைத்துத் திருத்தியிருக்கிறார்கள் என்றால், நாம் இரண்டு தடவை தவறலாம்.

ஒரே ஒரு திருத்தம். வேற்றிட, எலும்பு இரண்டையும் சேர்த்து “வேற்றிடவெலும்பு” என்று எழுதுவதே முறை.

– பழ.

---

ஐயா,

முறைதான். ஆனால் சித்தி அதை “வேற்றிட வெலும்பு” என்று பிரித்து, வெலும்பு என்றால் என்ன என்று கேட்பார். இடைவெளி விட்டே எழுதுகிறேன், மன்னியுங்கள்.

சொற்பட்டியலில் சேர்த்தவை கீழே. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

வேற்றிட எலும்பாக்கம் (இலங்கையில்: வேற்றிட என்பாக்கம்) – எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் புதிதாக எலும்பு உண்டாதல். எலும்பு விலகலோ மூட்டுப் பிசகலோ அல்ல. இழுப்பதும் உருவுவதும் கூடாது.

வேற்றிட எலும்பு – அவ்வாறு உண்டான எலும்பு.

கிளர்வு – நோய் திடீரென்று மூளும்போது வரும் வீக்கமும் வலியும்.

நோய்ப்போக்கு ஆய்வு – மருந்து கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வு.

– கோ.