இழுத்து முடித்த பித்தளை மூடிகள் பெட்டியில் கிடக்கும்போதே பிளக்கின்றன

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். 0.4 மில்லிமீற்றர் பித்தளைத் தகட்டிலிருந்து 8 மில்லிமீற்றர் விட்டமும் 12 மில்லிமீற்றர் உயரமும் உள்ள சிறு மூடிகளை பிரஸ்ஸில் மூன்று இழுப்பாகச் செய்கிறோம். முதல் இழுப்புக்குப் பின்னர் மட்டும் சூடாக்கி இளக்குகிறோம் (உருக்காமல் மென்மையாக்குகிறோம்). இறக்கும்போது ஒரு கீறலும் இல்லாத மூடிகள், இரண்டு மூன்று வாரங்களில் விளிம்பிலிருந்து அடிநோக்கி மயிரிழை போல நேராகப் பிளக்கின்றன. அச்சை இருமுறை மெருகேற்றியும் பயனில்லை.

பதில் (மாத்தளை):
தகட்டை அமுக்கிப் பிடிக்கும் வளையம் இறுக்கமாக இருக்கலாம். எண்ணெயையும் மாற்றிப் பாருங்கள்.

பதில் (கண்டி):
அப்படியென்றால் பிளவு பிரஸ்ஸிலேயே தெரிந்திருக்கும். பெட்டிகளை எங்கே வைக்கிறீர்கள்?

கேட்டவர்:
தோட்டத்துப் பழைய களஞ்சியத்தில். பலகைத் தடுப்புக்கு அப்பால் யூரியா மூடைகள் இருக்கின்றன. மறுநாளே கொழும்புக்கு அனுப்பியவற்றைப் பற்றி முறைப்பாடு வந்ததில்லை.

பதில் (கண்டி):
அச்சை இனித் தொடாதீர்கள். 30 வீதம் நாகம் கலந்த பித்தளையை இளக்காமல் இரண்டு முறை இழுத்தால் சுவருக்குள் இழுவிசை இறுக்கமாகத் தங்கிவிடும்; மலைநாட்டு ஈரத்தில் யூரியா சிதைந்து வெளிவிடும் அமோனியா, அந்த இறுக்கம் உள்ள இடத்தில் மணிகளின் (உலோகத்துக்குள் உள்ள நுண்ணிய படிகங்களின்) எல்லை வழியே உலோகத்தை அரித்துப் பிளக்கிறது. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் இப்படித்தான் பிளந்தன. அமோனியாவே காரணம் என்பது 1921இல் தெளிவாக்கப்பட்டது. கொழும்புக்குப் போனவற்றிலும் அதே இறுக்கம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கடைசி இழுப்புக்குப் பின்னர் எண்ணெயை நன்றாகக் கழுவி, 260 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். அந்தச் சூட்டில் இறுக்கம் தளரும், கடினம் பெரிதாகக் குறையாது. 300ஐத் தாண்டினால் மூடி மென்மையாகிவிடும். பேக்கரி அடுப்பும் அந்தச் சூட்டை எட்டக்கூடும், ஆனால் பாண் போடும் அடுப்பில் இதைச் செய்யாதீர்கள். சோதிக்க, சூடாக்கியதையும் சூடாக்காததையும், அடியில் சிறிது அமோனியாக் கரைசல் ஊற்றிய போத்தலில், அது தொடாதவாறு தொங்கவிட்டு மூடி, வெளியில் வையுங்கள்.

கேட்டவர்:
வகைக்குப் பத்தாகத் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தபோது சூடாக்காதவற்றில் ஏழு பிளந்திருந்தன. சூடாக்கிய பத்தும் முழுதாக இருக்கின்றன. பெட்டிகளை இன்றே வீட்டு முன்னறைக்கு மாற்றிவிட்டோம். கொழும்புக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போதைய யோசனை.