அலிகியேரி: தாந்தேயின் குடும்பப் பெயர் எங்கே பிறந்தது, இன்று யாரிடம் இருக்கிறது?

கரிசல்காட்டான்

இத்தாலியில் எந்தக் குடும்பப் பெயர் எந்த ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் இணைய வரைபடங்கள் சில உண்டு. ரோஸ்ஸி என்று தட்டினால் நாடு முழுக்கப் புள்ளிகள். ஃபெராரி என்றால் வடக்கே மொய்க்கிறது. அலிகியேரி என்று தட்டினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகிறது. இத்தாலிய மொழிக்கே தந்தை என்று கொண்டாடப்படுகிற கவிஞர் தாந்தேயின் பெயர் அவர் நாட்டிலேயே இவ்வளவு அரிது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரின் பிறப்பில் குழப்பமே இல்லை, தாந்தேயே சொல்லிவிட்டார். அவருடைய நெடுங்கவிதை ‘டிவைன் காமெடி’யின் சொர்க்கப் பகுதியில், 15ஆம் காண்டத்தில், அவர் தன் எள்ளுத்தாத்தா காச்சாகுய்தாவைச் சந்திக்கிறார். சிலுவைப்போரில் உயிர்விட்டவர் அவர். தன் மனைவி போ நதிச் சமவெளியிலிருந்து வந்தவள் என்றும், குடும்பப் பெயர் அங்கிருந்தே உண்டானது என்றும் அவர் பேரனின் பேரனிடம் சொல்கிறார். 1313இல் பிறந்த எழுத்தாளர் பொக்காச்சியோ ஊரையும் சேர்த்துச் சொல்கிறார். அந்தப் பெண் ஃபெராரா நகரத்து ஆல்திகியேரி குடும்பம். பிறந்தவீட்டுப் பெயரையே மகனுக்கு வைத்தாள். நாளடைவில் நடுவிலிருந்த ஓர் எழுத்து உதிர்ந்து அலிகியேரி ஆயிற்று.

ஒரே வீட்டில் பிறந்த பெயர், அதனால்தான் இவ்வளவு குறைவு. மிச்சமிருக்கும் புள்ளிகளும் தாந்தேயின் கொடிவழிதான் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கலாம்.

தரவுக்காரன்

கரிசல் அண்ணா, இரண்டையும் மறுக்கிறேன்.

முதலில் பிறப்பு. கவிதையை ஆவணமாக எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும். அதே காண்டத்தில், காச்சாகுய்தாவின் மகன் அலிகியேரோ நூறு வருடங்களுக்கும் மேலாக உத்தரிக்கும் தலத்தின் (இறந்தவர்கள் பாவம் கழுவும் இடம்) முதல் படியில் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று வருகிறது. கதை நடப்பது 1300இல். கணக்குப்படி அவர் 1200க்கு முன்பே இறந்திருக்க வேண்டும். ஆனால் 1201ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அவர் உயிரோடு இருக்கிறார். சொந்தக் கொள்ளுத்தாத்தா இறந்த காலத்தையே சரியாக அறியாத ஒருவர், அதற்கும் முந்தைய தலைமுறையில் வாக்கப்பட்டு வந்த ஒரு பெண்ணின் ஊரைச் சொல்கிறார் என்றால் அதைக் குடும்பக் கதை என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும். தாந்தே ஊர்ப்பெயரும் சொல்லவில்லை, வெறும் ‘போ சமவெளி’தான். அது பீட்மாண்டிலிருந்து அட்ரியாட்டிக் கடல்வரை கிடக்கிறது. ஃபெராரா என்று குறுக்கியது பொக்காச்சியோ. தாந்தே 1321இல் இறந்தபோது அவருக்கு எட்டு வயது. அடுத்த காண்டத்தில் காச்சாகுய்தாவே, முன்னோர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல் என்று முடித்துக்கொள்கிறார்.

கையில் உறுதியாக இருப்பது ஒரு பத்திரம். 1189 டிசம்பர் 9 அன்று, காலஞ்சென்ற காச்சாகுய்தாவின் மகன்கள் ப்ரெய்தெனித்தோ, அலிகியேரோ இருவரும், ஃபிளாரன்ஸில் புனித மார்ட்டின் கோயில் சுவரை ஒட்டி நின்ற அத்திமரத்தை அகற்றுவதாகக் கோயில் பொறுப்பாளருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அலிகியேரோ என்று ஓர் ஆள் இருந்தார் என்பதற்கு அது சான்று. அவருடைய அம்மா எந்த ஊர் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்தது, இது தாந்தே காலத்தில் குடும்பப் பெயராகவே இருந்ததா என்பது. அவர் தன் லத்தீன் கடிதங்களில் ‘தாந்தெஸ் அலகேரீ’ என்று எழுதிக்கொள்கிறார். ‘அலகேரியின் தாந்தே’ என்று படிக்கலாம். அவருடைய அப்பா பெயரும் அலிகியேரோதான். நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறோமே, அதே ஏற்பாடு.

கரிசல்காட்டான்

தம்பி, நீங்கள் காட்டிய 1201 எனக்குத்தான் உதவுகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு சாவை, பள்ளிப் பதிவேடும் இறப்புச் சான்றிதழும் இல்லாத காலத்தில், ஒரு குடும்பம் ஓரிரு வருடப் பிசகோடு நினைவில் வைத்திருக்கிறது. இதைவிட நல்ல நினைவாற்றலை எங்கே தேடுவது? அப்படிப்பட்ட வீட்டில், பெயர் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் மறந்துபோயிருக்குமா? மரண வருடத்தைவிடப் பெயர்க்காரணத்தைத்தான் வீட்டில் அதிகம் பேசுவார்கள்.

இனிஷியல் வாதத்தையும் ஏற்க மாட்டேன். தாந்தேயின் மகன் பியெத்ரோ வெரோனாவில் நீதிபதியாக இருந்தவர், 1364இல் த்ரெவீசோவில் இறந்தார். அவரும் அலிகியேரிதான். அப்பா பெயரை ஒட்டுவது மட்டும்தான் வழக்கம் என்றால் அவர் ‘தாந்தேயின் பியெத்ரோ’வாக நின்றிருப்பார். கொள்ளுத்தாத்தா பெயர் பேரன்களின் பேரன்வரை இறங்கியிருக்கிறது. அதைத்தானே குடும்பப் பெயர் என்கிறோம்? கவிதையிலும் காச்சாகுய்தா, உன் குலம் யார் பெயரால் அழைக்கப்படுகிறதோ அவன் என் மகன் என்றுதான் அலிகியேரோவை அறிமுகப்படுத்துகிறார். குலம் என்றே சொல்லியாயிற்று.

நிலாமதி

நான் பலெர்மோவில் இருக்கிறேன். இருவரும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சண்டை பிடிக்கிறீர்கள், நான் அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த வரைபடங்களில் பலவும் பழைய தொலைபேசிப் புத்தகத்தை வைத்துச் செய்தவை. ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு, அது யார் பேரில் இருந்ததோ அவர் மட்டும் கணக்கில் வருவார். இங்கே 1975 சட்டத்துக்குப் பிறகு கல்யாணமான பெண்ணும் தன் பிறந்தவீட்டுப் பெயரை விடுவதில்லை, கணவன் பெயர் வேண்டுமானால் கூடச் சேரும். ஆனால் போன் கணவன் பேரில் இருந்தால் அந்த மனைவியின் பெயர் வரைபடத்தில் இல்லவே இல்லை. இப்போது எனக்குத் தெரிந்த வீடுகளில் கைபேசிதான், சுவரில் போன் இல்லை. ரோஸ்ஸி மாதிரிப் பெரிய பெயருக்கு இந்தக் குறை பெரிதாகப் படாது, வடக்கா தெற்கா என்ற போக்கு தெரிந்துவிடும். ஒரு சில வீடுகளே உள்ள பெயருக்கு ஒரு வீடு விடுபட்டாலே ஒரு மாகாணம் காணாமல் போய்விடும். அதை வைத்துக் கொடிவழி பேசுவது சரியில்லை அண்ணா.

முத்துவேல்

நிலாமதி சொன்னதோடு நான் கணக்கைச் சேர்க்கிறேன். பெயர் ஏன் அரிது என்பதற்குத் தனிக் காரணம் தேவையே இல்லை.

1874இல் பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியாரும் குடும்பப் பெயர்கள் எப்படி அழிகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். பெயர் ஆண்வழியில் மட்டும் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன்தான் வளர்ந்து ஆளாகிறான் என்றால், சிலருக்கு மூன்று பேர், சிலருக்கு யாருமே இல்லை என்று ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை, ஒரே ஆளில் தொடங்கிய பெயர் என்றைக்காவது அழிந்தே தீரும். சராசரி ஒன்றுக்கு மேலே போனாலும் ஆரம்பத் தலைமுறைகளிலேயே அணைந்துபோக நிறைய வாய்ப்பு உண்டு. கொள்ளைநோய் வந்த 1348 போன்ற வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

ரோஸ்ஸி பிழைத்ததற்குக் காரணம், சிவந்த முடிக்காரன் ஒவ்வோர் ஊரிலும் இருந்தான். ஃபெராரி பிழைத்ததற்குக் காரணம், ஒவ்வோர் ஊரிலும் கொல்லன் இருந்தான். ஆயிரம் இடத்தில் முளைத்த பெயரில் ஐந்நூறு பட்டாலும் மிச்சம் நிற்கும். இந்த இடத்தில் கரிசல் அண்ணன் பக்கம்தான் நான். ஒரு வீட்டில் பிறந்த பெயர் அரிதாகத்தான் இருக்கும்.

தரவுக்காரன்

முத்துவேல், அந்தக் கணக்கை இறுதிவரை கொண்டுபோனால் அண்ணனின் இரண்டாவது வாதம் விழுந்துவிடுகிறது. ஏனென்றால் தாந்தேயின் ஆண்வழி அழிந்தேவிட்டது.

பியெத்ரோ 1353இல் வெரோனாவுக்கு வடமேற்கே வல்பொலிசெல்லாவில், கர்கஞ்ஞாகோ என்ற ஊரில் நிலம் வாங்கினார். அவருடைய சந்ததி வெரோனாவிலேயே தங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் அந்தக் கிளையில் ஆண்வாரிசு தீர்ந்தது. கடைசியாக நின்ற பெண்களில் ஜினெவ்ரா அலிகியேரி 1549இல் மார்க்கந்தோனியோ செரேகோ என்ற பிரபுவை மணந்தார். பெயர் அழியக் கூடாது என்று இரண்டையும் இணைத்தார்கள். அதிலிருந்து அவர்கள் ‘செரேகோ அலிகியேரி’. கர்கஞ்ஞாகோ நிலம் இன்றும் அந்தக் குடும்பத்தோடு இருக்கிறது, திராட்சைத் தோட்டம். வானியலாளர் ஸ்பெரெல்லோ தி செரேகோ அலிகியேரி இந்த வழிதான்.

இப்போது வரைபடத்தில் ‘அலிகியேரி’ என்று தட்டினால் என்ன நடக்கும்? தாந்தேயின் வழி என்று ஆவணத்தோடு காட்டக்கூடிய குடும்பம் அந்தக் கணக்கில் வராது, அவர்கள் பெயர் செரேகோவில் அல்லவா தொடங்குகிறது. வெறும் அலிகியேரி என்று இருப்பவர்கள் மட்டும் வருவார்கள். அவர்களில் யாருக்காவது தாந்தேயோடு தொடர்பு உண்டு என்று எதை வைத்துச் சொல்வது? திருமணப் பதிவேடு எழுத வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் சங்கம் கட்டாயமாக்கியது 1563இல்தான். வெரோனாக் கிளை அதற்கு முன்பே பெண்வழிக்கு மாறிவிட்டது. நாம் எண்ணுவது ஒரு மக்கள்தொகையை, பேசுவது வேறொரு மக்கள்தொகையைப் பற்றி.

கரிசல்காட்டான்

பெண்வழி என்றால் வழியே இல்லை என்பது போல எழுதுகிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. என் வாதப்படி இந்தப் பெயரே ஒரு பெண் கொண்டுவந்தது. ஃபிளாரன்ஸுக்கு வந்ததும் ஒரு மருமகளால், வெரோனாவில் பிழைத்ததும் ஒரு மகளால். இன்றைய இத்தாலியச் சட்டமும் அங்கேதான் வந்து நிற்கிறது. குழந்தைக்கு அப்பா பெயர் தானாகச் சேர்வது செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2022இல் தீர்ப்புக் கொடுத்துவிட்டதே.

அப்புறம், தாந்தே ஒருவர் மட்டும் அலிகியேரி அல்ல. அவருக்குச் ஃபிரான்செஸ்கோ என்று ஒரு மாற்றாந்தாய்ச் சகோதரர் இருந்தார். அவருடைய பாட்டன் பெல்லிஞ்சோனேயின் உடன்பிறந்தவர் பெல்லோ, அந்தக் கிளையில்தான் நரகப் பகுதியின் 29ஆம் காண்டத்தில் வரும் ஜெரி தெல் பெல்லோ. இத்தனை கிளைகளும் தடமில்லாமல் போய்விட்டன என்று யாரால் சொல்ல முடியும்? இன்றைய புள்ளிகளில் ஒன்று அங்கிருந்து வந்திருக்கலாம். மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடும். ரவென்னாவில் தாந்தேயின் எலும்பே இருக்கிறது.

தரவுக்காரன்

பெண்வழியை நான் குறைத்துச் சொல்லவில்லை அண்ணா. செரேகோ அலிகியேரிகள் தாந்தேயின் வாரிசுகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சோதனை என்று வரும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். செரேகோ அலிகியேரி ஆண் ஒருவரைச் சோதித்தால் கிடைப்பது மார்க்கந்தோனியோ செரேகோவின் ஒய். தாந்தேயின் ஒய் 1549 திருமணத்தைத் தாண்டி வரவில்லை. மற்ற குரோமோசோம்களில் இருபது தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பங்கு, இருந்தால் துளி, இல்லாமலும் போயிருக்கலாம்.

எலும்பைப் பொறுத்தவரை, ஃபிளாரன்ஸ்காரர்கள் எடுத்துப் போய்விடக் கூடாது என்று பிரான்சிஸ்கன் துறவிகள் ஒளித்துவைத்து, 1865இல் ஒரு சுவருக்குள்ளிருந்து பெட்டியோடு கிடைத்தவை அவை. அதைத் தொட அனுமதி கிடைத்து, ஒய்யும் கெடாமல் கிடைத்தால்தான் நீங்கள் சொல்லும் ஒப்பீட்டுக்கே வழி.

யாழினி

வெரோனாக் கிளையைப் பற்றி ஒரு செய்தி. அந்த அலிகியேரிகளின் கேடயச் சின்னத்தில் நீலப் பின்னணியில் பொன்னிறச் சிறகு இருக்கும். லத்தீனில் ‘அலிகெர்’ என்றால் சிறகு தரித்தவன். மறுமலர்ச்சிக் காலத்துப் படிப்பாளிகள் தங்கள் பெயருக்கு அழகான லத்தீன் வேரைத் தேடிப் பொருத்திக்கொண்டார்கள். உண்மையில் இது பழைய ஜெர்மானிய ஆள்பெயர். கடைசிப் பகுதிக்குப் பொருள் ஈட்டி. குடும்பமே தன் பெயரைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இந்தச் சிறகைவிட வேறு சான்று வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கரிசல்காட்டான்

சிறகு இருநூறு வருடம் கழித்துப் படித்தவர்கள் ஒட்டிக்கொண்டது, யாழினி. காச்சாகுய்தா சொல்வது வீட்டில் வழிவழியாக வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன ஜெர்மானிய வேர் என் பக்கம்தான் பேசுகிறது. வெரோனாப் பக்கம் ஆல்தெகேரி, ஆல்திகியேரி என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற பாடகர் கொத்தார்தோ ஆல்திகியேரி கார்தா ஏரிக்கரையில் லத்சீஸேயில் பிறந்தவர். இவையெல்லாம் போ சமவெளிப் பக்கத்துப் பெயர்கள். தாந்தே கைகாட்டிய திசை.

முத்துவேல்

ஆல்தெகேரி குடும்பங்கள் எல்லாம் உறவு என்று ஆகாது அண்ணா. ஜெர்மானிய இனத்தாரான லொம்பார்டுகள் 568இல் வந்து 774வரை ஆண்டார்கள், அவர்களுக்குப் பின் ஃபிராங்குகள். ஜெர்மானிய ஆள்பெயர்கள் வட இத்தாலி முழுக்கப் பரவின. ஆல்திகேரோ என்று பெயருள்ள ஒவ்வொருவரின் பிள்ளைகளும் தனித்தனியாக அந்தக் குடும்பப் பெயரைப் பெற்றிருக்க முடியும்.

கரிசல்காட்டான்

அவர்கள் தாந்தேக்கு உறவு என்று நான் சொல்லவில்லை. வடக்கே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது என்கிறேன். டஸ்கனியிலும் லொம்பார்டு ஆட்சி இருந்தது. அங்கேயும் தானாக முளைத்திருக்கலாம் என்றால், 1189க்கு முன்னால் ஃபிளாரன்ஸில் வேறொரு அலிகியேரோவைக் காட்டுங்கள். காட்டினால் அந்த மருமகளின் கதையை நான் விட்டுவிடுகிறேன்.

தரவுக்காரன்

சரி, கேள்வி நியாயமானது. ஃபிளாரன்ஸின் 1427 வரிக் கணக்கு இணையத்தில் தேடும்படி கிடைக்கிறது, ஆனால் அது அந்த அத்திமரப் பத்திரத்துக்கு 238 வருடம் பிந்தியது, அதில் தேடிப் பயனில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில், மடத்து நிலப் பத்திரங்களில்தான் பார்க்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துகளில் சாதாரண ஆட்களின் பெயர் நிறைய வரும். அச்சான தொகுப்புகளின் பெயரகராதியிலிருந்து தொடங்குகிறேன். அலகேரியோ, ஆல்திகேரோ, அல்லகேரியோ மூன்று எழுத்துமுறையிலும் பார்ப்பேன். யாராவது லத்தீன் படிப்பவர்கள் கூடச் சேர்ந்தால் வேகமாக முடியும்.

நிலாமதி

லத்தீன் எனக்கு வராது, இத்தாலியப் பெயரகராதி என்றால் நான் பார்க்கிறேன். தொகுப்பின் பெயரை அனுப்புங்கள்.