கடையில் பையனுக்கு ஆபாச வீடியோ காட்டியிருக்கிறார்கள், நஷ்டஈடு கேட்கலாமா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
எங்கள் வீடு கேரளா பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில் ஒரு செல்போன் கடை. என் மகனுக்கு 11 வயது. ரீசார்ஜ் பண்ண அனுப்பினால், அங்கே வேலை செய்கிறவன் தன் போனில் அசிங்கமான வீடியோவைக் காட்டியிருக்கிறான். பையன் இப்போது தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். சோறும் இறங்கவில்லை. முதலாளியோ, "பத்தாயிரம் தருகிறேன், வெளியே தெரிந்தால் உங்கள் பையனுக்குத்தான் கேவலம்" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறார். கவுன்சலிங் செலவை அவர்கள்தான் தர வேண்டும், ஆனால் இப்படி வாய் அடைக்கிற காசாக வேண்டாம். கேஸ் எந்த மாநிலத்தில் போடுவது?

வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு:
அக்கா, அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கெட்ட எண்ணத்தோடு குழந்தைக்கு ஆபாசம் காட்டுவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் 11-ஆம் பிரிவில் குற்றம், 3 வருஷம் வரை ஜெயில். விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. முதலாளி மறைத்தால் 21-ஆம் பிரிவு அவர் மேலேயே வரும்.

புகாரை உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். எல்லை தாண்டி நடந்தது என்று திருப்பி அனுப்பக் கூடாது, பதிவு செய்து அந்தப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

நஷ்டஈட்டுக்கு இரண்டு வழி. சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புக்கு முன்பே இடைக்காலத் தொகைக்கு உத்தரவிடலாம், அது அரசாங்கப் பணம். அவர்கள் கையிலிருந்தே வாங்க வேண்டுமென்றால் தனியாக சிவில் கேஸ். அது சம்பவம் நடந்த இடத்திலோ அந்த ஆள் குடியிருக்கும் இடத்திலோதான், அதாவது அநேகமாகப் பொள்ளாச்சி பக்கம். மகன் சார்பாக நீங்கள் போடலாம். பையனுக்கு 18 ஆகும்வரை காலக்கெடு ஓடாது, அவசரப்பட வேண்டாம். முதலாளி தெரிந்தும் விட்டுவைத்தார் என்று காட்ட முடிந்தால் அவரையும் சேருங்கள்.

டீச்சர், வேலந்தாவளம்:
பையனிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், பாவம். போலீஸ் வீட்டுக்கே வந்து, யூனிஃபார்ம் இல்லாமல், முடிந்தவரை பெண் எஸ்.ஐ.யை வைத்து வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. கேவலம் உங்கள் பையனுக்கு இல்லை, வீடியோ காட்டியவனுக்கு. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லை. அந்த மெசேஜ் ஆதாரம் ஆகுமா?

வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு:
ஆகும். அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.