புதுப்பிப்பு: தீபாவளி நேரத்தில் முடங்கிய கடைத் தளம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் அண்ணன் நடத்தும் பலகாரக் கடையின் இணையத்தளம் மாலைதோறும் படுத்துவிடுகிறது, சர்வரைப் பெரிதாக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரிதாக்கவில்லை, தளம் இப்போது படுக்காமல் ஓடுகிறது.

தளத்துக்கு வரும் கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்ததுமே கதை தெரிந்துவிட்டது. முறுக்கு, அதிரசம் என்று யாரும் தேடவில்லை. பொருளில்லாத எழுத்துக் குவியல்கள், ஒவ்வொன்றும் வேறு வேறாக, எங்கெங்கோ உள்ள முகவரிகளிலிருந்து தேடல் பெட்டிக்கு வந்துகொண்டிருந்தன. தளத்தைத் திணறடிக்க யாரோ நடத்தும் தாக்குதல் இது. வேறு வேறாக இருப்பதில்தான் சூட்சுமம்: முன்பு தந்த பதில்களைச் சேமித்து வைக்கும் கேஷில் பதில் இருக்காது, ஒவ்வொரு முறையும் தரவுத்தளமே ஓட வேண்டும்.

வரும் கோரிக்கைகளை வாங்கி வடிகட்டி அனுப்பும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை ஒன்றைச் சர்வருக்கு முன்னால் நிறுத்தினோம். அப்போதும் அடங்கவில்லை. தளப் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ் பட்டியலில், மின்னஞ்சலுக்கான பதிவு சர்வரின் உண்மையான ஐபி முகவரியை (இணையத்தில் அதைக் கண்டுபிடிக்கும் எண்ணை) ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. வாசலைப் பூட்டினால் தாக்குபவர்கள் கொல்லைப்புறமாக, நேரே சர்வருக்கே வந்தார்கள். மின்னஞ்சலை வேறிடத்துக்கு மாற்றி, புது ஐபி வாங்கி, இணையத்தளக் கோரிக்கைகள் நுழையும் 80, 443 போர்ட்டுகளை அந்தச் சேவையின் முகவரிகளுக்கு மட்டும் திறந்த பிறகுதான் மூச்சு வந்தது.

சர்வரைப் பெரிதாக்கச் சொன்னவர்களுக்கு: 2023இல் கூகுள் தடுத்த ஒரு தாக்குதல் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகளைத் தொட்டது. அதற்கு ஈடாகச் சர்வர் வாங்க அண்ணன் கடையை விற்றாலும் போதாது.

ஒரே ஐபியிலிருந்து எத்தனை முறை தேடலாம் என்பதற்கு வரம்பும் வைத்திருக்கிறோம், தளர்வாகத்தான். கைப்பேசி இணைப்பில் பலர் ஒரே ஐபியைப் பகிர்வதால், இறுக்கினால் நல்ல வாடிக்கையாளரும் வெளியே நிற்பார். வாடிக்கையாளர் பணம் செலுத்தியதை உறுதிசெய்து வங்கி அனுப்பும் செய்தி வந்துசேரும் தள முகவரிக்கும் விலக்கு கொடுங்கள்; அதுவும் இயந்திரம் அனுப்புவதுதான், தடுப்பு அதையும் விரட்டிவிடும்.