ஜெனரல் குமாரமங்கலம் நம்ம ஊர்க்காரரா?

கேள்வி: 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த பி.பி. குமாரமங்கலம் திருச்செங்கோட்டுப் பக்கமா? அப்பாவிடம் கேட்டால், அவருடைய தம்பி, மத்திய அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலத்தைப் பற்றியே பேசுகிறார்.

பதில்: ஆமாம், ஜமீன் குடும்பம். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த சுப்பராயனின் மூத்த மகன். பீரங்கிப் படை அதிகாரி. 1942இல் வட ஆப்பிரிக்கப் போரில் சிறைபிடித்து இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தப்பினார், மறுபடி பிடிபட்டார். அப்புறம் ஜெர்மனி முகாம். முள்வேலிக்குள் அத்தனை நாள் கிடந்தவர் பிறகு ஒரு நாட்டின் படையையே நடத்தினார் என்பது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிற விஷயம்.

பதில்: 1967இல் சிக்கிம் எல்லையில் உள்ள நாதுலா கணவாயில் சீனப் படையோடு மோதல் நடந்தபோதும் தளபதி இவர்தானே, அதை விட்டுவிட்டீர்களே!

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. ஜெனரலின் தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. என்று இப்போதுதான் அப்பா சொன்னார்.