அப்பா இன்னும் கண் திறக்கவில்லை, எத்தனை நாள் காத்திருப்பது?

திருச்சி மகள்:
அப்பாவுக்கு வயது 61. திங்கட்கிழமை காலை பால் வாங்கி வந்தவர் வாசற்படியிலேயே சரிந்துவிட்டார். எதிர்வீட்டு அண்ணன் விடாமல் நெஞ்சை அழுத்தினார். 108 வந்து மின் அதிர்ச்சி கொடுத்த பிறகே இதயம் துடித்தது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறார். காய்ச்சல் வரக்கூடாதென்று குளிர்நீர் ஓடும் உறையை உடம்பில் சுற்றியிருக்கிறார்கள். இன்று இரண்டாம் நாள். பெரியப்பா "இனி எங்கே எழுந்திருப்பான்" என்கிறார். அவர் வாயை யார் அடைப்பது?

ஐசியு செவிலி:
பெரியப்பாவைக் காப்பி குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மயக்க மருந்து ஓடும்போது கண் திறக்காததை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இதயம் மீண்டும் துடித்து குறைந்தது 72 மணி நேரமாவது கழிய வேண்டும். பிறகும் வெளிச்சத்துக்குக் கண்பாவை சுருங்குகிறதா என்பது, இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு), ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். முன்பெல்லாம் மூளையைக் காக்க உடம்பை 33 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விப்போம். அதனால் கூடுதல் பலன் இல்லையென்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. இப்போது பல இடங்களில் 37.5ஐத் தாண்டாமல் காப்பதே வழக்கம்.

மதுரைக்காரி:
என் கணவர் ஐந்தாம் நாள் விழித்தார். "சாவி எங்கே?" என்று ஒரு மணி நேரத்தில் பத்து முறை கேட்டார். நெஞ்சை அழுத்தியதில் விலா எலும்பு முறிந்திருந்தது, இருமினால் துடித்துப்போவார். மறதியும் களைப்பும் மாதக்கணக்கில் நீடித்தன. வீட்டுக்கு அனுப்பும் முன் நினைவாற்றலைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறினோம்.

திருச்சி மகள்:
நாளை மருந்தைக் குறைக்கிறார்களாம். பெரியப்பா காப்பிக்குப் போயிருக்கிறார்.